திரும்பிப் போவதா, வேண்டாமா? ஊர் கூடி ஒரு விசாரணை

கொலைக் கேஸில் உள்ளே போனவன் ஜாமீனில் வந்தால்கூட ஊர் ஒரு வாரம் பேசிவிட்டு விட்டுவிடும். இன்ஜினியரிங்கைப் பாதியில் விட்டு வந்தவனுக்கு அந்தச் சலுகை கிடையாது. பால் பூத்தில் கேட்கிறார்கள். முடிவெட்டும் கடையில், கழுத்தில் கத்தி இருக்கும்போது கேட்கிறார்கள். கல்யாணப் பந்தியில் சாம்பார் ஊற்ற வந்த ஒன்றுவிட்ட மாமா வாளியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்கிறார்: “என்ன மாப்ள, மறுபடியும் காலேஜ் போறியா, இல்ல இப்படியேதானா?”

விசாரணை என்றால் இரண்டு தரப்பு வேண்டும். இங்கே கூண்டில் ஏறி நிற்பது எப்போதும் பையன் மட்டும்தான். பிளஸ் டூ ரிசல்ட் வந்த மறுநாளே போன் மேல் போன் போட்டு, பஸ் ஃப்ரீ, லேப்டாப் ஃப்ரீ என்று ஆசைகாட்டி அவனை உள்ளே இழுத்த கல்லூரி சாட்சியாகக்கூட அழைக்கப்படுவதில்லை. இந்தக் கட்டுரையை அந்தக் கல்லூரிக்கு அனுப்பும் சம்மன் என்று வைத்துக்கொள்ளுங்கள். தாளாளர் பிஸியாக இருப்பார் என்பதால் முதலில் மற்ற சாட்சிகளைப் பார்த்துவிடலாம்.

உறவினர்களின் வாதம் சுருக்கமானது. “டிகிரின்னு ஒண்ணு கைல இருக்கட்டும்டா. நாளைக்குப் பத்திரிகை அடிக்கும்போது பேருக்குப் பக்கத்துல என்ன போடுறது?” மணமகன் பெயருக்குப் பின்னால் ‘பி.இ.’ என்று அச்சாகாவிட்டால் மூன்று முடிச்சு போட்டாலும் தாலி நிற்காது என்று நம்பும் சமூகம் நம்முடையது. அந்த இரண்டெழுத்துக்கு நான்கு வருடம், எட்டு செமஸ்டர், அப்பாவின் பிஎஃப், அம்மாவின் வளையல். இதைச் சொல்லும் மாமாவின் சொந்தப் பையன் பி.இ. முடித்துவிட்டு மூன்று வருடமாகக் கோச்சிங் சென்டரில் உட்கார்ந்து குரூப் 4 பரீட்சைக்கு உருப்போட்டுக்கொண்டிருக்கிறான். டிஎன்பிஎஸ்சி குரூப் 4 எழுதக் குறைந்தபட்சத் தகுதி பத்தாம் வகுப்பு. பத்தாவது படித்தவன் எழுதக்கூடிய பரீட்சைக்குப் போகும் வழியில் எதற்கு மாமா ஒரு இன்ஜினியரிங் பட்டம் என்று கேட்டுப் பாருங்கள். “வாய் ரொம்ப நீளுது” என்பார்.

அடுத்த சாட்சி கோட்டு சூட்டு போட்ட தன்னம்பிக்கைப் பேச்சாளர். முதலாமாண்டு மாணவர்களை வரவேற்க ஏசி ஆடிட்டோரியத்தில் விழா நடக்குமே, அதில் இவருக்கு ஒன்றரை மணி நேரம். பில் கேட்ஸ் படிப்பை விட்டார், ஸ்டீவ் ஜாப்ஸ் படிப்பை விட்டார், ஜுக்கர்பெர்க் படிப்பை விட்டார் என்று அடுக்குவார். கைதட்டல் அடங்கியதும் தாளாளருக்கு நன்றி சொல்லி, கவரை வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டு காரில் ஏறிவிடுவார். படிக்க வந்தவன் கட்டிய ஃபீஸிலேயே ஆள் பிடித்து, படிப்பை விட்டவன்தான் உருப்பட்டான் என்று பிரசங்கம் செய்ய வைக்கத் தனி மேதைமை வேண்டும். அதை நம்பி மூன்றாவது வரிசைப் பையன் ஒருவன் நிஜமாகவே விட்டுவிட்டால், ஹெச்ஓடி அவன் அப்பாவுக்குப் போன் போட்டு “உங்க பையன் லைஃபே போச்சு சார்” என்பார்.

பேச்சாளர் முழுங்கிவிடும் பகுதி ஒன்று உண்டு. கேட்ஸின் அப்பா சியாட்டிலில் பெயர் பெற்ற வக்கீல். மகன் 1975இல் ஹார்வர்டை விட்டு வந்தபோது வீட்டில் அடுப்பு அணையவில்லை. 2007இல் அதே ஹார்வர்டு அவரைக் கூப்பிட்டு கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்தது. 2017இல் ஜுக்கர்பெர்குக்கும் கொடுத்தது. ஜாப்ஸ் ரீட் கல்லூரியில் பெயரை எடுத்துவிட்ட பிறகும் மாதக்கணக்கில் அந்த வளாகத்தையே சுற்றிக்கொண்டு, பிடித்த வகுப்பில் போய் உட்கார்ந்து அழகாக எழுதக் கற்றுக்கொண்டார். ஐடி கார்டு எங்கே என்று கேட்டு வாட்ச்மேன் அவரைக் கேட்டுக்கு வெளியே தள்ளவில்லை. எல்லாவற்றையும்விட முக்கியம், ஹார்வர்டோ ரீடோ அவர்களுடைய பள்ளிக்கூட மார்க் ஷீட்டை பீரோவில் பூட்டி வைத்துக்கொண்டு ‘மீதி வருஷத்து ஃபீஸைக் கட்டிட்டு வாங்கிட்டுப் போ’ என்று சொல்லவில்லை.

வெளிநாட்டு உதாரணமே எதற்கு? நம் கும்பகோணத்துப் பிள்ளை ஒருவர் இருக்கிறார். கணக்கைத் தவிர மற்றதில் கோட்டை விட்டதால் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் உதவித்தொகையை இழந்து, 1905இல் வீட்டில் சொல்லாமல் விசாகப்பட்டினத்துக்கு ஓடினார். 1906இல் சென்னையில் பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்து மறுபடி முயன்றார், எஃப்.ஏ. பரீட்சை அவரை விடவில்லை. 1912இல் சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய்க்கு கிளார்க் வேலை. ராமானுஜனுக்குப் பட்டம் என்று ஒன்று கிடைத்தது 1916இல், அதுவும் கேம்பிரிட்ஜில். இப்போது டிசம்பர் 22 வந்தால் நம் கல்லூரிகளில் தேசிய கணித தினம். அவர் படத்துக்கு மாலை, குத்துவிளக்கு, தலைமை விருந்தினருக்குப் பொன்னாடை. அந்த விழாவுக்கு வராதவனுக்கு அட்டெண்டன்ஸ் கட். சரி, ராமானுஜனே நேரில் வந்து மறுசேர்க்கை கேட்கிறார் என்று வையுங்கள். முதல் கேள்வி “அரியர் எத்தனை தம்பி?” என்பதாக இருக்கும். இரண்டாவது, “பேரன்ட்ஸ் வரலையா?”

இனி பிரதிவாதி.

ஒருநாள் பையன் துணிந்து முடிவெடுக்கிறான். இந்த இன்ஜினியரிங் நமக்கு ஒத்துவரவில்லை, ஊருக்குப் பக்கத்தில் அரசு கலைக் கல்லூரியில் பி.எஸ்சி. சேர்ந்துவிடலாம். நல்ல முடிவு, ஃபீஸ் குறைவு, வீட்டுச் சாப்பாடு. ஆனால் புதுக் கல்லூரியில் சேர டிசி வேண்டும், பத்தாவது, பிளஸ் டூ ஒரிஜினல் மார்க் ஷீட் வேண்டும், சாதிச் சான்றிதழ் வேண்டும். எல்லாம் பழைய கல்லூரியின் ஆபீஸ் பீரோவில் இருக்கின்றன. அப்பாவை அழைத்துக்கொண்டு போகிறான்.

கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் இருப்பவர் கீபோர்டிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்கிறார்: “நோ டியூ போட்டாச்சா?”

நோ டியூ படிவத்தை நீங்கள் கையில் வாங்கிப் பார்த்திருக்கிறீர்களா? நூலகம், கையெழுத்து. இயற்பியல் லேப், கையெழுத்து. ஒர்க்‌ஷாப், கையெழுத்து. ஹாஸ்டலில் தங்காதவனுக்கு ஹாஸ்டல் வார்டன் கையெழுத்து, பஸ்ஸில் ஏறாதவனுக்கு டிரான்ஸ்போர்ட் இன்சார்ஜ் கையெழுத்து. வேலைவாய்ப்புப் பிரிவின் கையெழுத்தும் உண்டு. அவர்கள் இவனுக்கு எந்த வேலையையும் கடனாகக் கொடுத்ததாக நினைவில்லை. கடைசிக் கட்டத்தில் முன்னாள் மாணவர் சங்கம். படிப்பை முடிக்க விடாமல் துரத்தப்பட்டவனிடமும் முன்னாள் மாணவன் என்று சந்தா வாங்கிக்கொள்ளும் தாராளம் வேறெந்தத் தொழிலில் உண்டு? லேப் அசிஸ்டென்ட் சாப்பிடப் போயிருப்பார். லைப்ரரியன் லீவு. ஹெச்ஓடி மீட்டிங். மூன்று நாள் அலைந்து எல்லாக் கட்டத்தையும் நிரப்பிக் கொண்டுபோய்க் கொடுத்தால் அக்கவுண்டன்ட் கால்குலேட்டரைத் தட்டுவார்.

“மீதி ரெண்டு வருஷத்து ஃபீஸைக் கட்டிடுங்க. உடனே கொடுத்துடுவோம்.”

“படிக்கவே இல்லையே தம்பி” என்கிறார் அப்பா. மகன் வயதுள்ள அக்கவுண்டன்டைத் தம்பி என்று சொன்னது தப்போ என்று பயந்து உடனே “சார்” என்று திருத்திக்கொள்கிறார்.

“உங்க பையன் போயிட்டா அந்த சீட் காலியாத்தானே கிடக்கும்? அந்த நஷ்டத்தை யார் கட்டுறது?”

இந்த நியாயத்தை நான் வெகுநேரம் யோசித்துப் பார்த்தேன். ஒவ்வொரு வருடமும் கவுன்சலிங் முடிந்ததும் தமிழ்நாட்டில் பல்லாயிரம் இன்ஜினியரிங் இடங்கள் ஆளில்லாமல் கிடக்கின்றன. இந்தப் பையனின் வகுப்பிலேயே அறுபது நாற்காலியில் முப்பது முதல் நாளிலிருந்து காலி. அந்த முப்பது நாற்காலிகளிடமும் தாளாளர் ஃபீஸ் கேட்டு நோட்டீஸ் அனுப்பினாரா? உட்கார வந்து எழுந்து போனவன்தான் கொழுத்த ஆடு. 2017இல் கட்டண நிர்ணயக் குழு அரசு ஒதுக்கீட்டு இடத்துக்கு வருடம் 50,000 ரூபாய், தரச்சான்று பெற்ற பிரிவுக்கு 55,000 என்று வரம்பு கட்டியது. அந்த வரம்புக்கு மேல் ‘இதர’ என்ற தலைப்பில் வாங்கியதற்கு ரசீது கேட்டுப் பாருங்கள், பிரிண்டர் ரிப்பேர் என்பார்கள்.

சேட்டுக் கடையில் மோதிரத்தை வைத்தால் சீட்டு கொடுக்கிறார்கள். கொடுத்தே ஆக வேண்டும். 1943இலிருந்து அதற்குச் சட்டம் இருக்கிறது. என்ன பொருள், எவ்வளவு பணம், என்ன வட்டி என்று எழுதியிருக்கும். பணத்தைக் கட்டினால் பொருள் திரும்பி வரும். கல்லூரியில் பையன் ஒரு பைசா கடன் வாங்கவில்லை. அவன்தான் பணம் கொடுத்தான். கொடுத்தவனின் பொருளையே பிடித்து வைத்துக்கொண்டு, சீட்டும் தராமல், மேலும் பணம் கேட்கிற அடகுக் கடையை எந்தச் சேட்டும் இன்னும் கண்டுபிடிக்கவில்லை. நம் கல்வித் தந்தைகள் கண்டுபிடித்தார்கள்.

சட்டம் இல்லையா என்றால் இருக்கிறது. 2018 அக்டோபரில் யுஜிசி தெளிவாகவே அறிவித்தது: சேரும்போது ஒரிஜினலைச் சரிபார்த்து அங்கேயே திருப்பிக் கொடுத்துவிட வேண்டும், எந்தக் கல்லூரியும் பிடித்து வைக்கக் கூடாது. ஏஐசிடிஇயும் இதையேதான் சொல்கிறது. கல்விச் சான்றிதழ் விற்பனைச் சரக்கல்ல, பாக்கிக்காக அதைப் பிடித்து வைக்கக் கல்லூரிக்கு உரிமையில்லை என்று சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பே சொல்லியிருக்கிறது. இவை எல்லாம் தாளாளருக்குத் தெரியும். அப்பாவுக்குத் தெரியாது என்பதும் தாளாளருக்குத் தெரியும்.

அந்தப் பீரோவில் இருக்கும் ஃபைலில் இன்னொரு காகிதம் உண்டு. வருவாய்த் துறை முத்திரையோடு கொடுத்த முதல் பட்டதாரிச் சான்றிதழ். 2010இல் கலைஞர் ஆட்சியில் வந்த நல்ல திட்டம். குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டம் படிக்க வருகிறவனுக்கு ஃபீஸில் சலுகை. நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் பையன் கல்லூரி வாசலை மிதிப்பதற்கு முன்பே இந்தக் குடும்பத்தின் முதல் பட்டதாரி இவன்தான் என்று எழுதிக் கொடுத்த அரசு, இரண்டு வருடம் கழித்து அந்தப் பட்டதாரி எங்கே என்று ஒருமுறை போன் போட்டுக் கேட்டிருக்கலாம். சலுகைப் பணம் கல்லூரிக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. பையன் போய்ச் சேர்ந்தானா என்பது வேறு துறை.

சரி, டிசி வேண்டாம், அதே கல்லூரிக்கே திரும்பிப் போகிறேன் என்று பையன் இறங்கி வருகிறான் என்று வையுங்கள். இப்போதுதான் கதை சூடு பிடிக்கும்.

முதலில் மன்னிப்புக் கடிதம். அதில் காரணம் எழுத வேண்டும். அப்பா லாரியிலிருந்து விழுந்து இடுப்பு உடைந்ததால் வேலைக்குப் போனேன் என்று எழுதக் கூடாது, அது ‘குடும்பப் பிரச்சினை’, கல்லூரிக்குச் சம்பந்தமில்லை. பன்னிரண்டு வருடம் தமிழில் படித்துவிட்டு வந்தவன் முன்னால் முதல் நாளே எம்-1 கணக்கை இங்கிலீஷில் எழுதி அழித்துவிட்டுப் போனார்கள், ஒரு எழுத்து புரியவில்லை என்று எழுதினால் கல்லூரியைக் குறை சொன்னதாகிவிடும். ஹாஸ்டலில் சாதி கேட்டுத் தட்டைத் தள்ளி வைத்தார்கள் என்று எழுதினால் அவ்வளவுதான், ‘பிரச்சினை பண்ற பையன்’. ஆகவே எல்லோரும் எழுதுவது ஒன்றேதான்: உடல்நலக் குறைவு. கூடவே ஒரு டாக்டர் சான்றிதழ், பெரும்பாலும் மஞ்சள் காமாலை. நம் கல்லூரிகளில் கொடுக்கப்பட்ட மஞ்சள் காமாலைச் சான்றிதழ்களை எல்லாம் நம்பினால் மாநிலத்தில் ஒருவனுக்கும் ஈரல் மிச்சம் இருக்காது. அது பொய் என்று கொடுப்பவனுக்குத் தெரியும், வாங்குபவருக்கும் தெரியும். உண்மைக்கு அந்தப் படிவத்தில் கட்டம் இல்லை.

அண்ணா பல்கலைக்கழக விதியில் படிப்புக்கு இடைவெளி எடுக்க இடம் இருக்கிறது. முன்கூட்டியே மனு கொடுத்து அனுமதி வாங்க வேண்டும். அதாவது அப்பா லாரியிலிருந்து விழுவதாக இருந்தால் ஒரு மாதம் முன்னாடியே சொல்லிவிட வேண்டும். நான்கு வருடப் படிப்பை முடிக்க மொத்தம் ஏழு வருடம், 14 செமஸ்டர். நீ விட்டிருந்த காலமும் அந்தக் கணக்கில் ஓடும். நடுவில் பாடத்திட்டம் மாறியிருந்தால், 2013, 2017, 2021 என்று அது மாறிக்கொண்டே இருக்கிறது, நீ பாஸ் பண்ணிய பேப்பருக்கு இப்போது என்ன ஈடு என்று பார்த்துக் கூடுதலாகச் சில பேப்பர் எழுத வேண்டும். பழைய மார்க்கை ஏற்றுக்கொள்ள யோசிப்பவர்கள் பழைய ஃபீஸ் பாக்கியை ஏற்றுக்கொள்ள யோசிப்பதில்லை.

பிறகு அட்டெண்டன்ஸ். 75 சதவீதம் இல்லையென்றால் கண்டோனேஷன் கட்டு. 65க்கும் கீழே போனால் டீடெய்ன், அடுத்த வருடம் ஜூனியரோடு உட்கார். ஒழுக்கம் முக்கியம் இல்லையா? 2024 ஜூலையில் ஊழல் எதிர்ப்பு அமைப்பான அறப்போர் இயக்கம் ஒரு பட்டியலை வெளியிட்டது. அண்ணா பல்கலைக்கழகத்தோடு இணைந்த 224 கல்லூரிகளில் 353 பேர் ஒரே சமயத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட கல்லூரிகளில் முழுநேரப் பேராசிரியர்களாகக் கணக்கு காட்டப்பட்டிருந்தார்கள். பல்கலைக்கழகமே சரிபார்த்தபோது ஒருவருடைய பெயர் 32 கல்லூரிகளில் இருந்தது. கிருஷ்ண பரமாத்மாவுக்குப் பிறகு இந்த வித்தை கைவந்தவர் இவர்தான். ஒரே கல்லூரியில் 74 சதவீதம் இருந்த பையனைக் கண்டோனேஷன் கட்டாமல் ஹாலுக்குள் விடமாட்டார்கள். 32 கல்லூரிகளில் நூறு சதவீதம் இருந்தவரின் பலத்தில் கல்லூரிக்கு அங்கீகாரமே கிடைக்கும். பையன் படிப்பை விட்டானா, வாத்தியார் பையனை விட்டாரா என்ற கேள்வியை எந்த மாமாவும் பந்தியில் கேட்பதில்லை.

பரீட்சை பற்றியும் சொல்ல வேண்டும். மறுமதிப்பீட்டில் மார்க் போடப் பணம் கைமாறியது என்று 2018இல் லஞ்ச ஒழிப்புத் துறை வழக்குப் பதிவு செய்தது. முதல் தகவல் அறிக்கையில் முன்னாள் தேர்வுக் கட்டுப்பாட்டு அதிகாரியின் பெயரே இருந்தது. குற்றச்சாட்டுதான், தீர்ப்பல்ல என்று சட்டப்படி சொல்லிவைக்கிறேன். ஆனால் அந்த வருடங்களில் ஒரு மார்க்கில் அரியர் வாங்கி, வெறுத்துப்போய் மூட்டை கட்டிய பையன்களிடம் போய், ‘உன் சோம்பேறித்தனம்தான் காரணம்’ என்று சொல்ல எனக்கு நாக்கு வராது.

எல்லாம் தாண்டித் திரும்பிப் போகிறான். ஜூனியர்கள் “அண்ணா, அண்ணா” என்று மரியாதையாக இடம் விடுகிறார்கள். அந்த மரியாதை முதுகில் குத்துகிறது. வகுப்புக்கு வரும் புது லெக்சரர் யாரென்று பார்த்தால் இவனோடு முதலாமாண்டு சேர்ந்தவன். பி.இ. முடித்தான், வேலை கிடைக்கவில்லை, எம்.இ. முடித்தான், அதே கல்லூரியில் வாத்தியார். சம்பளம் மூன்று மாதமாக வரவில்லை. முடித்தவன் போர்டு பக்கம், விட்டவன் பெஞ்சுப் பக்கம்; சாயங்காலம் டீக்கடையில் யார் காசு கொடுப்பது என்று இருவரும் பாக்கெட்டைத் தடவுகிறார்கள். கடைசி வருடத்தில் கேம்பஸ் இன்டர்வியூ. பெரிய ஐடி கம்பெனிகளின் தகுதி விதியில் ‘படிப்பில் இடைவெளி இவ்வளவுக்கு மேல் கூடாது’ என்று ஒரு வரி இருக்கும். திரும்பி வா என்று கூப்பிட்ட கல்லூரி அந்த வரியைச் சேரும்போது படித்துக் காட்டுவதில்லை.

ஆட்சியாளர்கள் சும்மா இருந்தார்களா? இல்லவே இல்லை. 2020 ஆகஸ்டில், கொரோனா நடுவில், எடப்பாடி பழனிசாமி அரசு ஓர் அறிவிப்பு செய்தது: அரியர் தேர்வுக்குக் கட்டணம் கட்டியிருந்தால் போதும், பாஸ். பரீட்சை வேண்டாம், படிப்பு வேண்டாம், கட்டணம் மட்டும் கட்டியிருக்க வேண்டும். உயர்கல்வியின் தத்துவத்தை இவ்வளவு சுருக்கமாகவும் நேர்மையாகவும் எந்த அரசும் இதற்கு முன் சொன்னதில்லை. முதலமைச்சரைக் கடவுளாக்கிப் போஸ்டர் ஒட்டினார்கள். ஏஐசிடிஇ ஒப்பவில்லை, வழக்கு உயர் நீதிமன்றம் போனது, கடைசியில் பரீட்சை எழுதத்தான் வேண்டியிருந்தது. கிழிந்த போஸ்டரை ஆடு தின்றது.

அதற்குப் பின் வந்தவர்கள் பெருமையோடு ஓர் எண்ணைச் சொல்வார்கள். உயர்கல்விச் சேர்க்கையில் இந்தியா 28.4 சதவீதம், தமிழ்நாடு 47 சதவீதம். 2021–22ஆம் ஆண்டின் அகில இந்தியக் கணக்கு அது. உண்மையான பெருமை, எனக்கும் உண்டு. பெண்களும் தலித் பிள்ளைகளும் கல்லூரி வாசலை மிதிக்க நூறு வருடம் சண்டை போட்ட மண் இது. ஆனால் அது சேர்க்கைக் கணக்கு. உள்ளே போனவர்களை எண்ணுகிறது. எத்தனை பேர் பட்டத்தோடு வெளியே வந்தார்கள், எத்தனை பேர் இரண்டாவது செமஸ்டரில் ஊருக்குப் பஸ் ஏறினார்கள் என்று கல்லூரி வாரியாகச் சொல்லும் பத்திரிகையாளர் சந்திப்பை நான் பார்த்ததில்லை.

டெல்லிக்காரர்கள் வேறு வழி வைத்திருக்கிறார்கள். புதிய கல்விக் கொள்கையில் ஒரு வருடத்தில் போனால் சான்றிதழ், இரண்டு வருடத்தில் போனால் டிப்ளமோ, மூன்று வருடத்தில் பட்டம். கிரெடிட்டை வங்கியில் போட்டுவைத்து, ஏழு வருடத்துக்குள் திரும்பி வரலாம். கேட்க நன்றாக இருக்கிறது. காசில்லாமல் வெளியேறியவன் கையில், ஒரு வருடம் வரை இவனுக்குக் காசு இருந்தது என்பதற்கு அத்தாட்சியாக ஒரு காகிதம் கொடுக்கிறார்கள். அதைக் காட்டினால் எந்தக் கம்பெனி வேலை கொடுக்கும் என்று கொள்கையில் இல்லை. திரும்பி வரும்போது ஃபீஸ் யார் கட்டுவார்கள் என்றும் இல்லை. சென்னைக்காரர்கள் இது இடைநிற்றலை ஊக்குவிக்கும் என்று எதிர்க்கிறார்கள். சரியான எதிர்ப்பு. ஊக்குவிக்காமலேயே நின்றுபோனவனுக்கு நீங்கள் என்ன வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டால், மத்திய அரசைக் கண்டித்து அடுத்த தீர்மானம் வருகிறது.

வங்கியைப் பற்றி ஒரு வரி போதும்: படிப்பு நின்றால் வட்டி நிற்பதில்லை. 2021 தேர்தல் அறிக்கையில் கல்விக் கடன் தள்ளுபடி என்று திமுக எழுதியிருந்தது. வங்கி மேனேஜர் அந்த அறிக்கையைப் படிக்கவில்லை போலிருக்கிறது.

இத்தனை நேரம் பையன், பையன் என்று எழுதிக்கொண்டு வந்தேன். காரணம் இருக்கிறது. படிப்பை விட்ட பெண்ணிடம் ‘திரும்பிப் போறியாம்மா’ என்று யாரும் கேட்பதில்லை. இரண்டாம் வருடத்தில் மாப்பிள்ளை வந்தார், கல்யாணம் முடிந்தது, ‘அவர் படிக்க வைக்கிறேன்னு சொல்லியிருக்கார்’ என்ற வாக்குறுதியோடு அவள் ஃபைல் மூடப்பட்டது. கேட்ஸ் கதை அவளுக்குக் கிடையாது. படிப்பை விட்ட பெண்ணைப் பாராட்டிப் பேசக் கோட்டு சூட்டு இன்னும் தைக்கவில்லை. பிள்ளை பெற்ற மாணவிகளுக்கு மகப்பேறு விடுப்பும் வருகைப்பதிவில் சலுகையும் கொடுக்க வேண்டும் என்று யுஜிசி 2021 டிசம்பரில் பல்கலைக்கழகங்களுக்கு எழுதியது. கைக்குழந்தையோடு கல்லூரி ஆபீஸில் போய் அந்தச் சுற்றறிக்கையைக் கேட்டுப் பாருங்கள். முதலில் குழந்தையைப் பார்ப்பார்கள், பிறகு கழுத்தைப் பார்ப்பார்கள், கடைசியில் “வீட்டுக்காரர் என்ன பண்றார்?” என்பார்கள். இடையில் நின்ற ஆணை ஊர் திட்டுகிறது. இடையில் நின்ற பெண்ணுக்கு ஊர் மொய் எழுதுகிறது.

ஆக, திரும்பிப் போவதா வேண்டாமா? என்னைக் கேட்டால், ‘போ’ என்றோ ‘போகாதே’ என்றோ ஊருக்கு ஒரே தீர்ப்பாகச் சொல்கிறவன் அயோக்கியன் அல்லது அட்மிஷன் ஏஜென்ட். இரண்டு மூன்று அரியர்தான் பாக்கி, பாடம் பிடித்திருக்கிறது, காசு ஒன்றுதான் குறுக்கே நின்றது என்றால் போய் முடித்துவிடு தம்பி. ஏழு வருடக் கணக்கில் எவ்வளவு மிச்சம் என்று முதலில் பார். பாடமே ஒட்டவில்லை, ஆனால் கட்டின காசு வீணாகிறதே என்பதற்காகப் போகிறாய் என்றால் போகாதே; போன காசு போனதுதான், அதைத் தேடப் போய் இன்னும் இரண்டு லட்சத்தைத் தொலைக்காதே. வேலை பார்த்துக்கொண்டே படிக்க இக்னோ 1985இலிருந்தும், தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 2002இலிருந்தும் இருக்கின்றன. பத்தாவது, பிளஸ் டூ, பிறகு பட்டம் என்ற வரிசை கெடாமல் இருந்தால் அந்தப் பட்டத்தை வைத்துக்கொண்டு டிஎன்பிஎஸ்சி எழுதலாம். அரசு கலைக் கல்லூரி இருக்கிறது, ஐடிஐ இருக்கிறது. எதுவும் கௌரவக் குறைவில்லை. மாமாவின் பத்திரிகைக்காகப் படிக்காதே. பத்திரிகை கல்யாணத்துக்கு மறுநாள் பழைய பேப்பர் கடைக்குப் போய்விடும்.

ஆனால் இதில் எந்த வழியில் போக வேண்டுமென்றாலும் கையில் ஒரிஜினல் சான்றிதழ் வேண்டும். அது பீரோவில் பூட்டியிருக்கும்வரை, அவன் எடுப்பதற்கு முடிவு என்று பெயர் கிடையாது. பணயக் கைதி பேரம் பேசுவதுதான் அது. அவனுடைய எதிர்காலம் பற்றி உண்மையிலேயே கவலைப்படும் மாமாக்கள், சித்தப்பாக்கள், பேச்சாளர்கள் எல்லோருக்கும் ஒரு வேலை தருகிறேன். அறிவுரையை வீட்டில் வைத்துவிட்டு, அவனோடு கல்லூரி ஆபீஸுக்குப் போங்கள். வாய்ப்பேச்சு வேண்டாம். ‘என் ஒரிஜினல் சான்றிதழ்களை உடனே திருப்பித் தரவும், தர முடியாது என்றால் எந்த விதிப்படி என்று எழுத்தில் தரவும்’ என்று ஒரு மனு எழுதுங்கள். நகலில் தேதியும் முத்திரையும் வாங்குங்கள். வாங்க மறுத்தால் ஒப்புகையோடு தபாலில் அனுப்புங்கள். அதன் நகலைப் பல்கலைக்கழகப் பதிவாளருக்கும் அனுப்பி, யுஜிசியின் இ-சமாதான் தளத்தில் புகாராகவும் பதியுங்கள். அதற்கும் அசையவில்லையென்றால் உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போட வழி இருக்கிறது.